கொள்ளிடம் தாண்டியதும் 126-ஆம் திருப்பாடல்

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி போய்ச்சேர, காவி உடுத்தி நடக்கும் குழுக்கள் கொள்ளிடம் பாலத்தை எட்டும்போது கால் ஓய்ந்திருக்கும். விவிலியத்தின் 126-ஆம் திருப்பாடலை அங்கே எடுங்கள். எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் பாடிய 15 திருப்பயணப் பாடல்களில் (120 முதல் 134 வரை) அதுவும் ஒன்று. விடுதலை பெற்றவர்களின் சிரிப்பில் தொடங்கும். பாதியிலேயே, வறண்ட ஓடையில் வெள்ளம் வருவதுபோல எங்களை மீட்டருளும் என்று மன்றாட்டாக மாறும். மீட்பு தொடங்கிவிட்டது, முழுமை இன்னும் வரவில்லை. நம் விசுவாசம் நிற்கும் இடமும் அதுதானே.

பாடலின் அடுத்த வரி கண்ணீரோடு விதைப்பவர்களைச் சொல்கிறது. நீங்கள் நடக்கும் நாட்களில், காவிரி நீர் கடைசியாக வந்துசேரும் நாகை கடைமடையில் சாலையோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள்: புழுதி. அதிலேயே சம்பா நெல்லை விதைத்திருப்பார்கள். ஒரு தூறலில் முளைத்து, அடுத்த மழை தவறினால் கருகிவிடும். தெரிந்தேதான் விதைக்கிறார்கள். படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதியதை (8:22) இந்த வயலோரம் நின்று வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது.

அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் நிழல் பிடித்துவிடுங்கள். வண்டிகளுக்கு எதிர்முகமாக, சாலையின் வலது ஓரம் நடங்கள். மாதா சுரூபம் வரும் வண்டியின் பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். 50 மணி செபமாலை ஒன்று சொல்லி முடிக்கச் சுமார் 20 நிமிடம். அதற்குள் ஒன்றரை கிலோமீட்டர் கடந்திருக்கும்.

கொப்புளம் வருவது தூரத்தால் அல்ல, ஈரத்தோடு சேரும் உராய்வால். புதுச் செருப்பு வேண்டாம். நனைந்த சாக்ஸை உடனே மாற்றுங்கள். கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது, சீழ் பிடிக்கும். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கலந்துகொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி சுமார் 12 கிலோமீட்டர்தான். கோயில் நெருங்கிவிட்டது என்று வேகம் கூட்டுபவர்களுக்குத்தான் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது.

கோயிலிலிருந்து மாதா குளம் வரை மணலில் முழந்தாளிட்டுப் போகும் நேர்ச்சை இருந்தால் வெயிலுக்கு முன்பே தொடங்குங்கள், மணல் சுட்டுவிடும்.

பிறகு கடற்கரைக்குப் போங்கள். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை திருப்பயணிகளையும் கடைக்காரர்களையும் வாரிக்கொண்டுபோன கரை அது. அங்கே சொல்லும் செபமாலைக்கு, நீங்கள் போகும் நாள் துயர மறையுண்மைகளுக்குரிய வெள்ளிக்கிழமையாகவே இருந்தாலும், இயேசுவின் உயிர்ப்பில் தொடங்கும் மகிமை மறையுண்மைகளையே தியானிக்க எடுங்கள்.