இரவு இரண்டு மணிக்குப் பத்துக் கேள்விகள்

இரண்டாவது பேற்றுக்குத் தாய்வீடு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்த நேரம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குழந்தை பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று கேட்டார்களே தவிர, சாப்பாட்டுத் தட்டின் முன் நான் ஏன் அழுதுகொண்டிருக்கிறேன் என்று கேட்டவர் இல்லை. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியம்மா, நானும் நம்பினேன். பேற்றுக்குப் பின் சில நாள்களில் தோன்றி இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும் மனக்கலக்கம் ஒன்று உண்டு. ஐந்தாவது வாரத்திலும் விடாதது அதுவன்று.

ஓர் இரவு பால் கொடுத்துக்கொண்டே கைப்பேசியில் தேடியபோது, ஒரு செயலியில், பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான அறிகுறி உண்டா என்று பார்க்கும் எடின்பரோ அளவுகோல் கிடைத்தது. மனநல மருத்துவர் ஜான் காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் அவை. கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயந்தோமா என்றெல்லாம் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகின்றன. மொத்தம் 30இல் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது பரவலான வழக்கம்; நோயை உறுதிசெய்யும் சோதனை அன்று. முகத்துக்கு நேரே சொல்லக் கூசும் பதிலை விரலால் தொட்டுவிட முடிந்தது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. 'எப்போதாவது' என்று குறித்தேன். திரையில் 17 என்ற எண்ணும், ஒரு பூப்படமும், மூச்சுப் பயிற்சிக் காணொளியும் வந்தன. அழைத்துப் பேச ஓர் எண்கூட இல்லை. அந்தக் கேள்விக்கு 'இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எதுவாயினும், ஒரு மனிதர் பதில் சொன்னவளோடு உடனே பேசியாக வேண்டும். அதற்கு வழிசெய்யாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது.

கைப்பேசி என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அச்செயலியை எழுதியவர்கள் நினைக்கவில்லை. மறுநாள் காலை மூத்தவன் அதில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தபோது, "உங்கள் மனச்சோர்வு இன்று எப்படி?" என்ற அறிவிப்பு திரையில் வர, பெரியம்மா அதை உரக்கப் படித்தார். கூடம் அமைதியானது.

அம்மா என் அருகில் வந்து உட்கார்ந்தார். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தேன்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் அழைக்கலாம். எடுத்த பெண் முதலில் கேட்டது, "கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்குனீங்க?" என்றுதான். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரமானது. அந்த வாரமே அம்மாவும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். மூத்தவனைப் பெரியம்மா பார்த்துக்கொண்டார்.