ரிங் சைக்ளோட்ரானும் நானும்: வில்லிகன் நாட்குறிப்பு

செப்டம்பர் 4

துகள்களின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் ஓப்பல் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை எழுதலாம். நான் கட்டிக்கொண்டு அழுவது சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் உள்ள பால் ஷெரர் நிறுவனத்து ரிங் சைக்ளோட்ரானோடு. 72 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் நுழையும் புரோட்டான்களை எட்டுக் காந்தங்கள் வழியே சுற்றவிட்டு 590க்கு ஏற்றி வெளியே அனுப்பும் இயந்திரம். 1974இல் தொடங்கியபோது இலக்கு 100 மைக்ரோ ஆம்பியர்தான், இப்போது 2.2 மில்லி ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 1.3 மெகாவாட் பீம் (துகள் கற்றை). அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சிந்தினாலே 130 வாட். வெப்பமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் சிந்திய இடம் கதிரியக்கம் ஏறிக் கிடக்கும், பழுது பார்க்க ஆள் உள்ளே போக வேண்டுமே!

செப்டம்பர் 5

முடிந்துவிட்டது. சிமுலேஷனில் பத்து லட்சம் துகள் போட்டிருந்தேன். எனக்கு வேண்டிய அந்தப் பத்தாயிரத்தில் ஒன்று என்பது அதில் வெறும் நூறு துகள், அதை வைத்து என்ன வரைபடம் போடுவது? கூட்டித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 9

புதிதாக வந்த மாணவி ரிங்குக்கு முன்னால் புரோட்டான்களை 72க்கு ஏற்றித் தரும் சிறிய சைக்ளோட்ரானான இன்ஜெக்டர் 2இல் பன்ச், அதாவது சேர்ந்தே ஓடும் புரோட்டான் கூட்டம், ஏன் உருண்டையாகிறது என்று கேட்டாள். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் பன்ச் நீண்டுதானே போக வேண்டும் என்பது அவள் வாதம், நேர்கோட்டு முடுக்கியாக இருந்தால் சரி. இங்கே முன்னால் இருப்பது தள்ளு வாங்கி ஆற்றல் கூடினால் பெரிய ஆரத்துக்குப் போகும், ஆனால் சுற்றும் நேரம் மாறாது, பின்னால் இருப்பது ஆற்றல் இழந்து உள்பக்கம் ஒதுங்கும், ஆக மொத்தப் பன்ச்சும் தன்னைத்தானே சுழன்று எள்ளுருண்டை மாதிரி ஆகிவிடும். விரட்டுவிசையே கட்டிப்பிடிக்கிற விசையாவது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

செப்டம்பர் 17

இரவு அளவீடு. மெல்லிய கம்பி ஒன்றை ஆரத்தின் வழியே இழுத்தால் ஒவ்வொரு சுற்றும் திரையில் ஒரு சிகரமாக எழும்பும். கடைசிச் சுற்றுகளைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. பீமை வேண்டுமென்றே மையம் தள்ளி உள்ளே விடுவதால் அங்கே சுற்றுகளுக்கிடையே 6 மில்லிமீட்டராக இருந்திருக்க வேண்டிய இடைவெளி 18 ஆகிறது, அந்த இடைவெளியில்தான் கடைசிச் சுற்றைப் பிரித்து வெளியே அனுப்பும் தடுப்பான, 50 மைக்ரான் டங்ஸ்டன் பட்டைகளாலான செப்டம் நிற்கிறது. சிகரங்கள் சிமுலேஷனோடு அழகாகப் பொருந்தின. சிகரங்களுக்கு நடுவிலுள்ள பள்ளங்கள் பொருந்தவில்லை, அளந்தது என் கணக்கைவிட மேலே நிற்கிறது. செப்டத்தைத் தொடுவது பள்ளத்தில் கிடக்கும் கூட்டம்தான், ஆகவே சிகரப் படத்தைக் காட்டி யாராவது 'பொருந்திவிட்டது' என்றால் நான் நம்புவதாக இல்லை.

செப்டம்பர் 22

உள்ளே நுழையும்போதே பன்ச்சுக்கு வால், அதாவது மையத்தை விட்டு விலகிய துகள்கள், இருக்கிறதா என்று சந்தேகம். நுழைவுப் பரவலை அளந்த தரவிலிருந்து கட்டி, அடுத்தடுத்த சுற்றுகளின் பன்ச்சுகள் ஒன்றையொன்று தள்ளுவதையும் சேர்த்து ஓட்டப் போகிறேன். புரோட்டான்களுக்கு ஆற்றல் ஊட்டும் அலுமினியக் குழிகளை (கேவிட்டி) மாற்றிச் செம்புக் குழிகள் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றியதில் சுற்றுகள் குறைந்துவிட்டன, அதுவே பெரிய உதவி: இழப்பைக் கூட்டாமல் எடுக்கக்கூடிய மின்னோட்டம் சுற்று எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்று முடுக்கி இயற்பியலாளர் யோஹோ 1981இலேயே சொல்லிவிட்டார். சரி, கணினிக் கிளஸ்டரில் வரிசை நீளம், வெள்ளிக்கு முன் எண்கள் வராது.