கே.ஆர்.பி. அணைக்குத் திரித்த லீடர்

கிருஷ்ணகிரியைத் தாண்டித் தருமபுரி பக்கம் வண்டியைத் திருப்பினால், பத்து கிலோமீட்டருக்குள் கே.ஆர்.பி. அணை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டியது. பூங்காவுக்கும் மீன் வறுவலுக்கும் வருகிற கூட்டம்தான் அதிகம். ஃப்ளை ராடோடு, அதாவது ஃப்ளை என்னும் பொய்ப்பூச்சியை வீசிப் பிடிக்கும் தூண்டிலோடு, வருகிறவர்களுக்கு இங்கே இரண்டு தொல்லைகள்: காற்று, பாசி. தடித்த லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும், நுனியை நோக்கி மெலியும் பகுதிதான் லீடர். அது இந்த இரண்டுக்கும் தோதாக இருக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் கூம்பு லீடர் ஒற்றைத் தூண்டில் நரம்பு. ரீலில் சுருண்டு கிடந்தால் அந்தச் சுருளோடேயே வரும். ஃபர்ல்டு லீடர் பல இழைகளைத் திரித்துச் செய்வது. சுருள் நினைவு கிட்டத்தட்ட இல்லை. ஃப்ளையை மெதுவாகப் புரட்டி இறக்கும். ஒரு லீடர் பல மாதம் உழைக்கும். மாற்ற வேண்டியது முனையில் கட்டும் டிப்பெட்டை, அதாவது ஃப்ளையைத் தாங்கும் மெல்லிய நரம்பை, மட்டும்.

நூலா, நரம்பா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃப்ளை கட்டும் நூலில் திரித்தது பஞ்சு போல மிருதுவாக விழும். ஆனால் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு வீச்சிலும் தூறல் தெறித்து, மேலே மேயும் மீனைக் கலைக்கும். கோடையில் தண்ணீர் பச்சை கட்டியிருக்கும்போது பாசி இழைக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும், கழுவினாலும் முழுதாகப் போகாது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் செய்தி அடிக்கடி வருகிறதே, அதே ஆற்றுத் தண்ணீர்தான் கீழே இங்கே வருகிறது. அதனால் இந்தப் பக்கத்துக்கு 0.12 மி.மீ. நைலான் நரம்புதான் எங்கள் சிபாரிசு. நூல் லீடரைத் தெளிந்த நீருக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் சிலிகோன் கிரீஸ் தடவாமல் இறங்கக் கூடாது.

5 எண் லைனுக்கான அளவு இது (எண் லைனின் கனத்தைச் சொல்வது). 8 அடிக்குச் சற்று நீளமான பலகை, அதில் இரண்டு வரிசை முளைகள். தடித்த முனையிலிருந்து 24, 22, 20, 16, 14 அங்குல இடைவெளிகள், மொத்தம் 96 அங்குலம். ஒவ்வொரு வரிசையும் ஒரு புரி. முதல் பகுதியில் நரம்பை 5 சுற்று, அடுத்தடுத்து 4, 3, 2, 1. ஒரு சுற்றுக்கு இரண்டு இழை. எனவே இரண்டு புரியும் சேரும்போது தடித்த முனையில் 20 இழை, மெல்லிய முனையில் 4.

பகுதிகள் சேரும் இடத்தில்தான் பலர் தவறுவார்கள். ஒவ்வொரு புதுச் சுற்றும் முந்தைய பகுதியின் வளையங்கள் அத்தனைக்குள்ளும் நுழைந்து திரும்ப வேண்டும், சங்கிலிக் கண்ணிபோல. ஒரு வளையம் விட்டுப்போனால், முளையைக் கழற்றியதும் அந்த இழை தளர்ந்து தொங்கும். திரித்த பிறகு அங்கே முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். சுற்றும்போது இழுவையும் ஒரே சீராக இருக்கட்டும்.

இரண்டு புரியின் மெல்லிய முனைகளையும் 2 மி.மீ. டிப்பெட் வளையம் (டிப்பெட் கட்டும் சிறு உலோக வளையம்) ஒன்றில் சேர்த்து, அதை ஆணியில் மாட்டுங்கள். நடு முளைகளை எடுத்துவிடலாம். பேட்டரி டிரில்லில் ஒரு கொக்கியைப் பொருத்தி, முதல் புரியை வலப்பக்கமாகத் திரியுங்கள். நீளம் குறையக் குறைய டிரில் முன்னே நகர வேண்டும், இறுக்கிப் பிடித்தால் மெல்லிய முனை அறும். 96 அங்குலம் 86 ஆனதும் நிறுத்தி, முனையை ஆணியில் மாட்டுங்கள். அடுத்த புரியும் அதே திசை, அதே 86. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று நேராக நிற்க, மற்றது அதைச் சுற்றிக் கொடியாய்ப் படரும். அந்த லீடர் தேறாது.

பிறகு இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டி இடப்பக்கமாகத் திரிக்க வேண்டும். எப்போது நிறுத்துவது? லீடரைத் தளர்த்தி நடுவில் தொங்கவிட்டுப் பாருங்கள். இடப்பக்கமாகவே தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் முறுக்கு போதவில்லை. வலப்பக்கமாகச் சுற்றினால் மிஞ்சிவிட்டது. சும்மா தொங்கினால் சரி. இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்கள்தான் "டிப்பெட் சுருண்டுகொண்டே இருக்கிறது" என்று ஃப்ளையைக் குறை சொல்வார்கள். கடைசியில் நீளம் சுமார் 7 அடி வரும். தடித்த முனை வளையத்தின் கழுத்தை நூலால் இறுகச் சுற்றி, ஒரு சொட்டு பசை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டால் முறுக்கு நிலைத்துவிடும். தங்கும் அறையின் ஜன்னல் கம்பியே போதும்.

லைன் வளையத்தோடு கோக்கும்போது இரண்டு வளையமும் கைகோத்த மாதிரி சமமாகப் பூட்ட வேண்டும். ஒன்று மற்றதன் கழுத்தை நெரித்தபடி இருந்தால் கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள். டிப்பெட் 4எக்ஸ், அதாவது சுமார் 0.18 மி.மீ., 3 முதல் 4 அடி. ஜிலேபி கெண்டைக்கு 12 எண் நிம்ப் (நீருக்குள் மூழ்கும் ஃப்ளை) போதும்.

ஆடிக் காற்றில் இதே லீடர் பாதி வழியில் சுருண்டு விழும். அப்போது டிப்பெட்டை இரண்டரை அடியாகக் குறையுங்கள், அல்லது முதல் இரண்டு பகுதிக்கு ஒரு சுற்று கூட்டித் திரித்த இன்னொன்றை எடுத்துப் போங்கள். கல்லிலோ முள்ளிலோ மாட்டினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். இந்த லீடர் ரப்பராய் நீண்டு, விடுபட்டதும் ஃப்ளையோடு முகத்துக்கே வரும். ராடை நேராக நீட்டி, முகத்தைத் திருப்பி, லைனைக் கையால் இழுங்கள்.

இறங்குமுன் மீன்பிடிக்க அனுமதி யாரிடம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வாங்கும் பாரூர் ஏரிக்கும் இதே கதைதான். ஒகேனக்கல் காட்டுப் பக்கம் மட்டும் ராடை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் அந்தக் கரையெல்லாம் விரிந்து கிடக்கின்றன. அழிவின் விளிம்பில் நிற்கும் திமில் மஹசீர் வாழ்வதும் காவிரியில்தான். அங்கே பரிசல் ஏறி, அருவி பார்த்துவிட்டு வாருங்கள்.