மொழியும் படிக்கணும், வேலையும் விடக்கூடாது: எந்த விசா?

நாகர்கோவிலில் இருந்து ஐடி வேலை பார்ப்பவர்கள், அதே வேலையை விடாமல் வெளிநாட்டில் போய் மொழி படிக்க விசா விசாரிக்கும்போது முதலில் நாட்டின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் முதலில் கேட்பது வேறு: வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை? மாதச் சம்பளமா, ஃப்ரீலான்ஸா? சம்பளம் இந்திய வங்கியில் ஏறினால் அங்கே வேலை பார்த்ததாகாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. லேப்டாப்பை எந்த ஊரில் திறக்கிறீர்களோ, அந்த ஊரில்தான் வேலை நடக்கிறது.

ஜெர்மனியின் மொழிப் படிப்பு விசாவில் 2024 மார்ச் முதல் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். வகுப்பு வாரம் 18 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மாலை வகுப்பும் வார இறுதி வகுப்பும் செல்லாது. அனுமதி சம்பள வேலைக்கு மட்டும்தான், ஃப்ரீலான்ஸுக்கு இல்லை. ஆகவே 40 மணி நேர வேலையில் இருப்பவர், பாதி நேரமாக மாற்றிய கடிதத்தைக் கம்பெனியிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். இன்னொரு சிக்கல் நேரம். அங்கே குளிர்காலத்தில் 9 மணி வகுப்பு என்றால் இங்கே மதியம் 1.30. டீம் மீட்டிங் எல்லாம் வகுப்புக்குள் விழும்.

இந்தக் கணக்கில் எங்களுக்கு ஜப்பான்தான் பிடிக்கும். மொழிப் பள்ளிகளில் பெரும்பாலும் அரை நாள் வகுப்பு. காலை 9 முதல் 12.30 வரை என்றால் இங்கே 5.30 முதல் 9. சாப்பிட்டுவிட்டு அங்கே 1.30க்கு உட்கார்ந்தால் இங்கே சரியாகப் பத்து மணி. மாணவர் விசாவில் தனி அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம்; தினம் ஐந்தரை மணி நேரம் வைத்தால் ஐந்து நாளுக்கு 27.5. புதிதாகப் போகும் மாணவர் இதை விமான நிலையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மணிக்கணக்கு காட்ட முடியாத ஃப்ரீலான்ஸுக்கு இந்த 28 மணி நேர அனுமதி போதாது, வேறு அனுமதி தனியாகக் கேட்க வேண்டும். 2024இல் வந்த ஜப்பானின் டிஜிட்டல் நோமாட் விசாவை (வெளிநாட்டுக் கம்பெனி வேலையை அங்கே இருந்தபடி ஆன்லைனில் பார்ப்பவர்களுக்கான விசா) நம்பி இருக்காதீர்கள். அதன் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை.

முழு நேர வேலையை விடவே முடியாதவர் ஸ்பெயினின் டிஜிட்டல் நோமாட் விசாவைப் பார்க்கலாம். அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரு மடங்கு வருமானம், பட்டம் அல்லது மூன்று வருட அனுபவம், இதே கம்பெனியில் குறைந்தது மூன்று மாத வேலை காட்ட வேண்டும். வேலை முடிந்த பிறகு ஸ்பானிஷ் வகுப்பு.

காகிதத்தில் நம்ம மாவட்டத்துக்காரர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. திருவனந்தபுரம் பக்கம்தான், ஆனாலும் தமிழ்நாட்டு முகவரிக்கு ஜெர்மன் விசா சென்னை வழிதான்; ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, சான்றிதழில் இனிஷியல் மட்டும் என்றால் பெயர் ஒத்துப்போகாது. அந்த இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டைத் திருத்திய பிறகே பள்ளிக்கு விண்ணப்பிக்கவும்.

பணம் காட்டுவதில் இன்னும் கவனம் வேண்டும். செலவை ஏற்கும் ஸ்பான்சரான அப்பாவுக்கு வருமானம் ரப்பர் ஷீட் விற்றுத்தான் என்றால், அது கையில் ரொக்கமாகவே வந்து போகிறது; கடைசியில் கணக்கில் நிற்பது நகைக் கடன் வாங்கி ஒரே நாளில் போட்ட தொகைதான். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு பதில் இருக்காது. ஜப்பானில் ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே காகிதம் கேட்பார்கள். ஆகவே ஷீட் விற்ற பணத்தை அதற்கும் முந்தைய ஜனவரியிலிருந்தே வங்கி வழியாக வாங்குங்கள். வருமானச் சான்றிதழும் அந்தத் தொகையோடு பொருந்த வேண்டும்.