இரும்புச்சத்து ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு

சுங்கை சிப்புட்டுக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, மெடிசின் கிடைக்கலன்னா ஆராய்ச்சிக்குப் போகலாமா?" இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. 'கிடைக்கலன்னா' என்று வருகிறவர்கள் பாதியிலேயே களைத்துப்போகிறார்கள். பிடித்து வருகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். உடலில் இரும்பு எப்படி உள்ளே வருகிறது, எங்கே தங்குகிறது என்ற ஒரே கேள்வியோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது.

ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்-இல் உயிரியலை விழுந்து விழுந்து படித்துவிட்டு, வேதியியலில் பாஸ் ஆனால் போதும் என்று இருக்காதீர்கள். இரும்பு போன்ற உலோகங்களைப் பற்றி இடைநிலைத் தனிமங்கள் பாடம் வருமே, அதுதான் எங்கள் துறைக்கு அஸ்திவாரம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று எலெக்ட்ரான் இழந்த வடிவம். குடல் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்தால் உள்ளே போகும். தே-ஓவில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், உள்ள பாலிஃபீனால் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டால் போகாது. சோற்றோடு கொய்யா சாப்பிடு, தே-ஓவைக் கொஞ்ச நேரம் தள்ளிக் குடி என்று கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) சொல்வது முழுக்க இந்தப் பாடம்தான்.

எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு. குடல் ஒரு நாளைக்கு உள்ளே விடுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். பழைய சிவப்பணுக்களை உடைத்து உடல் திரும்ப எடுத்துக்கொள்வதோ 20 மில்லிகிராமுக்கு மேல். கூடுதல் இரும்பை வெளியே தள்ள உடலுக்கு வழி கிடையாது. அப்படியானால் கட்டுப்பாடு முழுவதும் வாசலில்தான் இருக்க வேண்டும். காவல் யார்?

அதற்கு விடை கிடைத்த கதையைத் தேடிப் படியுங்கள். கிருமிகொல்லிப் புரதங்களைத் தேடி மனிதச் சிறுநீரை ஆராய்ந்த தோமஸ் கான்ஸ் குழு, 2001-இல் கல்லீரல் சுரக்கும் 25 அமினோ அமிலத் துணுக்கு ஒன்றுக்கு ஹெப்சிடின் என்று பெயர் வைத்தது. அதே ஆண்டு பிரான்சில் சோஃபி வோலோன் குழு, வேறொரு காரணத்துக்காக ஒரு மரபணுவை முடக்கிய எலிகளின் கல்லீரலில் இரும்பு குவிவதைக் கண்டது. பக்கத்திலிருந்த ஹெப்சிடின் மரபணுவும் சேர்ந்து அடங்கிப்போயிருந்தது. 2004-இல் எலிசபெத்தா நெமெத்தும் கான்ஸும் மீதியை அவிழ்த்தார்கள்: குடல் செல்லிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் போகும் கதவு ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம்; ஹெப்சிடின் அதில் ஒட்டிக்கொண்டு அதை அழிக்கிறது. அந்தப் பிரெஞ்சுக் குழு 'இது நம் தலைப்பு இல்லையே' என்று எலியின் கல்லீரலைத் தூக்கிப் போட்டிருந்தால்? உங்கள் லாக் புத்தகத்தில் தலைப்புக்குப் பொருந்தாததையும் எழுதி வையுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் ஓர் அனுகூலம் உண்டு. ஆய்வுக் கேள்வித்தாளில் "தினமும் எத்தனை கோப்பை தேநீர்?" என்று இருக்கும். அம்மாக்கள் "ரெண்டு" என்பார்கள். பசியாறும்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று. செம்பனைக் காட்டுக்குக் கொண்டுபோகும் ஃபிளாஸ்க் கணக்கில் வராது. அதைக் கேட்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.

இரத்தப் பரிசோதனைத் தாளும் அப்படித்தான், ஒரு வரியை மட்டும் நம்பக்கூடாது. இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதம் ஃபெரிட்டின்; காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது ஏறிவிடும். கையிருப்பு குறைவாக இருந்தாலும் தாளில் நன்றாகத் தெரியும். அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி-யையும் சேர்த்துப் பார்க்கிறோம். சிவப்பணு சிறியதாக இருந்தால் உடனே இரும்புக் குறைவு என்று எழுதிவிட முடியாது, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் மரபணு தாங்கியவராகவும் இருக்கலாம். நம் மலேசியாவில் அது அரிதல்ல.

ஆய்வுக்கூட வேலையில் அழகு ஒன்றும் இல்லை. நுண்ணளவு இரும்பை அளக்கும் நாளுக்கு முன்பே பாத்திரங்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலச வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, உலோகக் கரண்டியும் கூடாது, பிளாஸ்டிக்தான். தூசியிலும் இரும்பு இருக்கிறது. இந்த அலசலில் பொறுமை போகிறவர்கள் புள்ளியியல் பக்கம் போகலாம், அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான்.

மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கட்டுரைப் பட்டியலைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். அவரிடம் இப்போது படிக்கிறவர்களைத் தனியாகப் பிடித்து, ஆய்வு எத்தனை வருஷத்தில் முடிகிறது, பரிசோதனைக் கிட் யார் காசு என்று கேளுங்கள். இரத்தத்தில் ஹெப்சிடினை அளக்கும் எலைசா கிட் விலை கூடியது. ஒரு தட்டில் 96 குழி என்றால் 96 பேரின் இரத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், அளவு தெரிந்த தரக் கரைசல்களுக்கு 16 குழி ஒதுக்கினால் 40 பேருக்குத்தான் வரும். நானூறு பேரை ஆய்வு செய்வதாக முன்மொழிவில் எழுதியிருந்தால் பத்துத் தட்டு. அந்தப் பணம் மானியத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.