சிவப்பு நட்சத்திரம் யார் போட்ட சட்டம்?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை மனு என்று எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகிறது. டிஜிட்டல் மாற்றத்தைச் சட்டம் இயற்றுபவர்கள் எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று யார் எழுதினாலும் விடாமல் படிப்பேன். செயற்கை நுண்ணறிவு, ஆன்லைன் மோசடி, பெரிய கம்பெனிகளுக்குக் கடிவாளம் என்றே பேச்சு போகும். அதெல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மேஜையில் உட்கார்ந்து பார்ப்பவளுக்கு முதலில் செய்ய வேண்டிய வேலை வேறொன்றாகத் தெரிகிறது.

ஆன்லைன் படிவங்களில் சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. செல்போன் எண்ணுக்கு நட்சத்திரம், ஓடிபி-க்கு நட்சத்திரம். ஒரு நாள் காலையில் லாகின் செய்தால் நேற்று வரை இல்லாத புதுக் கட்டம் ஒன்று நட்சத்திரத்தோடு வந்து நிற்கும். ஒரு சட்டத்தின் கீழ் விதி போட்டால் அதை அவையில் வைக்க வேண்டும், அந்த விதிகளைப் பார்க்க நாடாளுமன்றத்திலும் பேரவையிலும் குழுக்கள் இருக்கின்றன. இந்த நட்சத்திரத்தை எந்தக் குழு பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒருவருக்கு உதவித்தொகை வருமா வராதா என்பதை இன்றைக்கு அதுதான் தீர்மானிக்கிறது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். புளி சீசனில் புளி தட்டும் வேலைக்குப் போகிறவர். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, அதே வேலையை வருடக்கணக்காகச் செய்தவரின் விரல் நுனிகள் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வழுவழுவென்று, கறை ஏறி, ரேகை இருக்க வேண்டிய இடத்தில் வெடிப்புதான் இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, ஆதார் ரேகைக் கருவியில் விரல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ரேகை விழவில்லை. "இன்னொரு வாட்டி பாரு பாப்பா" என்று அவர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல வாய் வராது. சரி, ஓடிபி-யில் போகலாம் என்றால் ஆதாரில் இருப்பது மகனுடைய எண். மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. போன் கீழே பையில் கிடக்கும், ஆள் மேலே சாரத்தில் நிற்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டபோது அந்த ஓடிபி செத்துப் போயிருந்தது. மறுபடி அனுப்பினால் மறுபடி சாரத்துக்கு ஏறியிருப்பார். எங்கள் பக்கத்தில் இது அபூர்வமான கதை இல்லை. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் ஓடிபி எல்லாம் ஊர்விட்டு ஊர்தான் போகிறது.

இத்தனைக்கும் சட்டம் இவருக்கு எதிராக இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. 2016 ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஆதார் எண் கிடைக்காதவருக்கு வேறு அடையாள வழி கொடுக்க வேண்டும் என்று தானே சொல்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக யாருக்கும் உரிய பலன் மறுக்கப்படக் கூடாது என்றது. 2025 ஏப்ரல் 30-இல் வந்த இன்னொரு தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வைக் குறைபாடு உள்ள ஒருவரும் போட்ட வழக்குகள் அவை. வங்கிக் கணக்குக்கு ஆன்லைனில் கண் சிமிட்டிக் காட்டச் சொன்னால், சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார் என்று கேட்டார்கள். டிஜிட்டல் சேவைகளை அடைவதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்ததுதான் என்று நீதிமன்றம் சொன்னது. படித்தபோது மனசு நிறைந்தது. அப்புறம் என் திரையைப் பார்த்தேன். "ரேகை விழவில்லை, வேறு வழி காட்டு" என்று அழுத்த அதில் ஒரு பட்டன் கிடையாது.

சட்டத்துக்கும் பட்டனுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில்தான் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் வேலை செய்ய வேண்டும் என்கிறேன். நூறு நாள் வேலையில் நடந்ததையும் பார்த்தோம். 2005-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் வேலை கேட்டால் 15 நாளுக்குள் வேலை, இல்லாவிட்டால் வேலையின்மைப் படி என்று தெளிவாக இருந்தது. செயலியில் படம் எடுத்து வருகை ஏற்ற வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது, ஒரு சுற்றறிக்கையின் பேரில். சிக்னல் இல்லாத மலையடிவாரத்தில் மண்வெட்டி பிடித்த கைகளுக்கு, படம் ஏறினால்தான் கூலி. போலி வருகையைத் தடுக்க வேண்டும் என்பது நியாயம்தான். அதைச் சபையில் வைத்துப் பேசியிருந்தால் யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து, படம் ஏறாத ஊரில் என்ன செய்வது என்று கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

முடியாது, செலவாகும், மலைக்கெல்லாம் போக முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு எங்கள் பக்கத்துக் கோட்டூர் மலைதான் நினைவுக்கு வரும். சாலை வசதி இல்லாமல் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கும்படி வைக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. அப்படி ஒரு நெறி இருந்ததால்தான் இயந்திரம் ஆளைத் தேடி மலையேறியது. ஓட்டுக்கு மலையேறிய அரசாங்கம் முதியோர் உதவித்தொகைக்கும் ஏறலாம். ஏறித்தான் ஆக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆன்லைன் வந்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. சிட்டா எடுக்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் அரை நாள் நின்ற காலம் எனக்குத் தெரியும். கல்லூரி அட்மிஷனுக்கு முதல் பட்டதாரி சான்று கேட்கும் பிள்ளைக்கு, எல்லாம் சரியாக இருந்தால் புரோக்கர் யாரும் குறுக்கே வராமல் சான்று வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளின் முகம் பார்க்கத்தான் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சிக்கல் எல்லாம் சரியாக இல்லாதவர்களுக்குத்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு. பிறந்த தேதி தெரியாததால் ஆதாரில் ஜனவரி 1 என்று விழுந்திருக்கும், வாக்காளர் அட்டையில் வயது ஒத்துப்போகாது. மனு திரும்பி வரும். காரணம் என்று ஒரே வரி: "உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை." எந்த ஆவணம்? தெரியாது. வி.ஏ.ஓ.வைப் பாருங்கள், ஆர்.ஐ.யைப் பாருங்கள் என்று நாங்களாகவே யூகித்துச் சொல்லி அனுப்புகிறோம்.

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகத்தில் சகாலா சட்டம் இருக்கிறது, 2011-இல் போட்டது. ஒவ்வொரு சேவைக்கும் கெடு உண்டு, கெடு தாண்டினால் மனுதாரருக்கு நாளைக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய், அது தாமதம் செய்த அலுவலரிடமிருந்து பிடிக்கப்படும். மத்தியப் பிரதேசம் அதற்கும் முன்பே, 2010-இல், இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 20 ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனால் தாமதத்துக்கு ஒரு பெயரும் ஒரு பொறுப்பாளரும் கிடைத்துவிடுகிறார்கள் பாருங்கள், அதற்காகவாவது வேண்டும். அந்தச் சட்டத்தில் டிஜிட்டலுக்கென்று ஒரு பிரிவு சேர்க்கச் சொல்வேன்: ரேகையோ ஓடிபியோ தோற்றால், எந்த நேரத்தில், என்ன காரணத்தால் தோற்றது, யாரை நேரில் பார்க்க வேண்டும் என்று தமிழில் ஒரு சீட்டு அங்கேயே அச்சாகி வர வேண்டும். இப்போது தோல்விக்குத் தடயமே கிடையாது. அந்த அம்மா மையத்துக்கு வந்தார் என்பதற்கே கையில் சாட்சி இல்லை.

இன்னொன்று, ஆதார் நகல். ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்பில் ஊரே தன் ஆதாரை அனுப்பி வைத்திருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டு வாங்கும் உரிமை அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, விதிகள் வெளியான பிறகும் அது நடைமுறைக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அதைப் பற்றி யாரும் பேசி நான் பார்த்ததில்லை, உரிமை எழுதப்பட்டிருப்பதே தெரியாதபோது அது வந்த பிறகும் எப்படிக் கேட்பார்கள்?

பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வந்து மனு வாங்குவது வழக்கம். அடுத்த முறை தருமபுரிக்கு வரும்போது பக்கத்து மையங்களின் ஆபரேட்டர்கள் சேர்ந்து போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். திரும்பி வந்த மனுக்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பெயரும் எண்ணும் மறைத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எந்த நட்சத்திரத்தில் ஆள் நின்றுபோனார் என்று பேனாவால் வட்டம் போட்டுக் கொடுக்கப் போகிறோம்.