மணிக்கட்டுக்காக ஒரு கிரிப்

மார்ச் 4
நேற்று ஐந்து மணி நேர நடன நிகழ்ச்சி. பாதிக்கு மேல் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்த படங்கள். ஆடுபவரின் பாதம் முதல் விரல் நுனி வரை ஒரே படத்தில் வரவேண்டும் என்றால் அப்படித்தான் பிடிக்க வேண்டும். அப்போது வலது முழங்கை மேலே தூக்கிக்கொள்கிறது; தூரத்தை அருகில் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. இன்று காலை பேனா பிடிக்கவே வலித்தது. கேமராவின் அடியில் மாட்டும் பிடியான பேட்டரி கிரிப்பை வாங்குவதை இனியும் தள்ளிப்போட முடியாது. அதில் கூடுதல் பேட்டரியும், பெரும்பாலும் செங்குத்துப் பிடிக்கென்று இன்னொரு ஷட்டர் பொத்தானும் இருக்கும்.

மார்ச் 6
கிரிப் என்றதும் யாரிடம் கேட்டாலும் பேட்டரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. என்னுடையதைப் போல உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராவில் ஒரு படம்கூட எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலும், படத்தைப் பதியும் சென்சாரும், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் குட்டித் திரையும் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி உள்ள பழைய வகையான டிஎஸ்எல்ஆரில் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அந்தச் செலவு இல்லை. என் சோனி ஏ7 ஃபோருக்கு, வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் ஒரு பேட்டரிக்கு 520 படம் என்பது கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபா வகுத்த தரநிலைக் கணக்கு. மேடையில் தொடர்ச்சியாக அழுத்தி எடுக்கும்போது அதைவிட நிறையவே வரும். எனக்கு ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு போதும்.

ஆகவே பேட்டரிக்காக என்றால் சட்டைப் பையில் இன்னொன்று வைத்துக்கொண்டாலே சரியாகிவிடும், 83 கிராம்தான். எனக்கு வேண்டியது செங்குத்தாகப் பிடிக்கும்போது விரலுக்கு எட்டும் ஷட்டர், டயல், ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் குட்டிக் குமிழான ஜாய்ஸ்டிக். இவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கப் போகிறேன்.

மார்ச் 9
நண்பர் ஒருவர் தன் ஏ7 த்ரீயின் கிரிப்பைத் தருவதாகச் சொன்னார். இரண்டு கேமராவுக்கும் ஒரே பேட்டரி, ஆனாலும் கிரிப் பொருந்தாது. அவருடையது விஜி-சி3இஎம், எனக்கு வேண்டியது விஜி-சி4இஎம். பழைய கிரிப் கைமாறி வாங்குகிறவர்கள் பேட்டரியைப் பார்த்து ஏமாறாமல் மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும்.

நிக்கான்காரர்களுக்கு வேறு கதை. இசட்6-க்கு வந்த எம்பி-என்10-இல் ஷட்டர் பொத்தானே கிடையாது, வெறும் பேட்டரிப் பெட்டி. இசட்6 டூவுக்கு வந்த எம்பி-என்11 அந்தக் குறையைத் தீர்த்தது. அதில் கேமராவை அணைக்காமலே ஒரு பேட்டரியை மாற்றலாம். சோனியில் இரண்டும் ஒரே தட்டில் வெளியே வருகின்றன. அந்த ஒரு வசதி நமக்கும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மார்ச் 15
வேறொரு நிறுவனம் செய்த கிரிப் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பொத்தான்கள் எல்லாம் இருந்தன. டயலை ஒரு சொடுக்கு சுற்றினால் சில நேரம் இரண்டு நகர்ந்தது, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கனமான லென்ஸோடு சட்டென்று திருப்பியபோது கேமரா ஒரு கணம் அணைந்து மறுபடி உயிர்த்தது. அடித் திருகை எவ்வளவு இறுக்கியும் கேமரா பாடிக்கும் கிரிப்புக்கும் நடுவே மெல்லிய ஆட்டம் இருந்தது. வீட்டில் நடந்ததால் நஷ்டமில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 23
சோனியின் கிரிப்பை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி முழுக்கப் பயன்படுத்தினேன். கிரிப் ஏறக்குறைய 290 கிராம், அதோடு இரண்டாவது பேட்டரி. எடை கூடியும் கை லேசாகத்தான் இருந்தது, முழங்கை உடம்போடு ஒட்டியே நின்றதால். இதுவரை அந்தரத்தில் தொங்கிய சுண்டுவிரலுக்கும் இடம் கிடைத்தது. ஃபோகஸ் புள்ளியை நகர்த்தக் கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கைத் தேடவே இல்லை. பாடியில் இருக்கும் அதே இடத்தில் இருந்தது. இன்று வலி இல்லை.

மார்ச் 30
வாங்கிவிட்டேன். மாட்டும்போது கேமராவின் பேட்டரி மூடியைக் கழற்ற வேண்டும். அந்த மூடியை வைக்கக் கிரிப்பிலேயே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் தொலைந்திருக்கும். கேமராவை டிரைபாடில் செங்குத்தாகவும் மாட்ட உதவும் என் எல் வடிவ உலோகத் தகடு (எல் பிராக்கெட்) இனி பொருந்தாது. டிரைபாடுக்குத் தட்டைப் பிளேட் போட்டிருக்கிறேன். வீடியோவுக்குக் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலில் வைக்கும் நாட்களில் கிரிப்பைக் கழற்றிவிடுவேன். பை மட்டும் ஒரு அளவு பெரிதாக வேண்டியிருக்கிறது. அப்புறம் அதையும் பார்க்க வேண்டும்.